துறப்பணத்தின் முதல் எழுத்து

கல்யாணமான மூன்றாம் நாள் காலையில் என் கணவர் என்னிடம் கேட்ட முதல் நீளமான கேள்வி இது: “உங்க நைனா தொறப்பணத்தை ஒரே பக்கமா சுத்துவாரா, இல்ல முன்னயும் பின்னயுமா சுத்துவாரா?”

நான் அடுப்பில் காபிக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். புதுப்பெண்ணிடம் கேட்க எத்தனையோ இருக்கும்போது இதுவா என்று சிரிப்பு வந்தது. “ஒரே பக்கமாத்தான். ஏன்?” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து அதை எழுதிக்கொண்டு, காபியை மறந்து, பள்ளிக்குப் போகக் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிக்க ஓடினார்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். எல்லைப் பக்கத்தில் தெலுங்கு வீடு, தமிழ் வீடு என்று அதில் வித்தியாசம் கிடையாது. நைனா எளாவூரில் பெரிய ரோட்டை ஒட்டி வண்டிச் சக்கரம் செய்யும் பட்டறை வைத்திருந்தார். வயலில் கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்து, மிஷன் தொழிற்பள்ளியில் தச்சுக் கற்றவர். துறப்பணம் என்பது மரத்தில் துளை போடும் கருவி. முறுக்கிய இரும்புக் கம்பியின் தலையில் குறுக்காக ஒரு மரக் கைப்பிடி. இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சைக் கொடுத்து அழுத்தித் திருக வேண்டும். எங்கள் வீட்டில் உப்புச் சாடியைப் போல அது சாதாரணப் பொருள். அதைப் பற்றி ஒருவர் வருஷக்கணக்காக யோசிப்பார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

என் கணவரும் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைதான். ஆரம்பாக்கத்து வயல்களில் நாற்று நட்ட கைகள் அவருடைய அப்பா அம்மாவுடையவை. மிஷன் பள்ளியில் முதலாவதாகத் தேறி, மதராஸில் படித்து, உதவித்தொகை கிடைத்துக் கப்பலேறி வேல்ஸ் நாட்டுக்குப் போனார். அங்கே ஒரு தச்சர் வீட்டு மாடியில் தங்கினார். ஒரு நாள் அந்தத் தச்சர் தன் துறப்பணத்தைக் காட்டி, “இதை நாங்கள் தரதர் என்போம்” என்று சொன்னாராம். இங்கிலீஷில் அதற்குச் சம்பந்தமில்லாத வேறு பெயர். அந்த ஒரு சொல் இவரைப் பிடித்துக்கொண்டது. தேடிப் பார்த்தால் அயர்லாந்தின் பழைய ஏடுகளிலும் ஏறக்குறைய அதே சொல். கடலுக்கு அக்கரையில், பிரான்ஸின் பிரிட்டனி மீனவர் பேச்சில் ‘தரர்’. பிரெஞ்சுத் தச்சர்களும் ஸ்பானியத் தச்சர்களும் சொல்லுவதும் அதன் வழிவந்ததுதான். இத்தனைக்கும் தாயாக, எழுதவே தெரியாத காலத்தில், இவர்களுக்கெல்லாம் முன்னோரான கெல்ட் மக்கள் வாயில் ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். அது ‘தரத்ரொம்’ என்று அறிஞர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். அந்தச் சொல்லை யாரும் எங்கேயும் எழுதிப் பார்த்ததில்லை, கேட்டதுமில்லை. அதனால் அப்படிப்பட்ட சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கம் என்று எனக்குச் சொன்னார்.

அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதுதான் அவருடைய பட்ட ஆராய்ச்சி. பாதியில் தகப்பனாருக்கு உடம்பு முடியாமல் போய் ஊர் திரும்பினார். அடக்கம் முடிந்தது; ஆரம்பாக்கத்தில் அம்மாவைத் தனியாக விட்டுப் போக மனமில்லை. கும்மிடிப்பூண்டியில் இங்கிலீஷ் வாத்தியார் வேலை கிடைத்தது. மீதியை இங்கிருந்தே எழுதிக் கப்பல் தபாலில் அனுப்பினார். எங்கள் கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்னால் அது திரும்பி வந்திருந்தது. ஒரே ஒரு ஆட்சேபம். ஆனால் அடிமரத்தையே வெட்டும் ஆட்சேபம்.

ஆட்சேபம் என்னவென்றால், கிரேக்க மொழியிலும் துறப்பணத்துக்கு இதே போல ஒரு சொல் உண்டு, ‘தெரெத்ரொன்’. தேய்ப்பது, துளைப்பது என்ற பொருளுள்ள ‘தெர்’ என்ற மிகப் பழைய வேரிலிருந்து வந்தது. கெல்ட் சொல்லும் அந்த வேரில் முளைத்த சொந்தச் சொல்தான் என்று இவர் எழுதியிருந்தார். ‘அப்படியானால் அதுவும் தெ என்றுதானே தொடங்க வேண்டும்? ஏன் த என்று தொடங்குகிறது? கிரேக்க வியாபாரிகளிடம் இரவல் வாங்கி, வாங்கிய இடத்தில் சிதைந்த சொல் என்றே எங்களுக்குப் படுகிறது. அப்படி இல்லை என்றால் ஒரு வருஷத்துக்குள் காரணம் காட்ட வேண்டும்.’ கடிதம் இவ்வளவுதான்.

என் மாமியாரிடம் இதைச் சொன்னபோது அவர் மாவு சலித்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஒரு எழுத்துக்கா இவ்ளோ பேஜாரு? அவங்க இன்னா கேக்குறாங்களோ அப்பிடியே மாத்தி எழுதிக் குட்த்துட்டு பட்டத்த வாங்கிக்கினு வர்றதுதானே?”

“அப்பிடி எழுதினா அது பொய்யிம்மா,” என்றார் இவர்.

“பொய்யின்னு அந்த ஊர்ல எவன் வந்து பாத்தான்?”

“யாரும் பாக்கல. அதான் கஷ்டமே.”

பள்ளியில் தமிழாசிரியர் வேறு விதமாகச் சொன்னார். அவரை எல்லோரும் தமிழய்யா என்போம். பெரிய சரீரம், சன்னமான குரல். ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, “துற என்பதும் தர என்பதும் ஒன்றேதான். துறப்பணம் இங்கேயிருந்து அங்கே போயிற்று என்று எழுதும். தமிழ்நாடே உம்மைத் தூக்கி வைத்துக் கொண்டாடும்” என்றார். இவர் தலையசைத்தார். “ஐயா, காதுக்கு ஒத்துப்போகுது. ஆனா நடுவுல ஒரு ஆதாரமும் இல்ல. ரெண்டு பேருக்கு ஒரே ஜாடை இருக்கிறதால அண்ணன் தம்பின்னு சொல்லிட முடியுமா?” தமிழய்யா கோபமாக எழுந்து போய்விட்டார். இரண்டு வாரம் இவரோடு பேசவில்லை.

இப்படியாக, இரவல் சொல் என்று ஒப்புக்கொள்ளவும் இவருக்கு மனமில்லை. நம்முடையது என்று தட்டிக்கொண்டு வரவும் மனமில்லை. கட்டிலுக்கு அடியில் நான்கு அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும், பழைய பரீட்சைத் தாள்களின் வெற்றுப் பக்கத்தை வெட்டிச் செய்த சீட்டுகள். சீட்டுக்கு ஒரு கெல்ட் சொல் என்று எழுதி முதல் எழுத்து வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார். நான் பொன்னேரியில் டைப்ரைட்டிங் படித்து லோயர் பாஸ் செய்தவள். பெண் பார்க்க வந்தபோது அவர் வீட்டில் கேட்ட ஒரே தகுதி அதுதான் என்று பிறகு தெரிந்தது. திருத்திய பக்கங்களை அவர் கொண்டுவந்திருந்த பழைய மெஷினில் நான் அடிப்பேன். அடிக்க அடிக்க, புரியாமலே ஆரம்பித்த விஷயம் கொஞ்சம் கொஞ்சமாகப் புரிய ஆரம்பித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து எளாவூருக்குப் போனோம். நைனா துறப்பணம் போடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று இவர் ஆசைப்பட்டார். ஞாயிறு நைனா கருவியைத் தொட மாட்டார். மாப்பிள்ளை கேட்கிறாரே என்று சும்மா காட்டுவதற்கு எடுத்தார். பட்டறைக்கு வெளியே, செக்போஸ்ட்டைத் தாண்ட வரிசையில் நின்ற லாரிகளின் டிரைவர்கள் நிழலுக்கு ஒதுங்கி வேடிக்கை பார்த்தார்கள்.

“தோ பாருங்க மாப்ள, இதான் கொடம்,” என்று சக்கரத்தின் நடுக்கட்டையைத் தட்டினார் நைனா. ஆரக்கால்கள் எல்லாம் வந்து செருகும் உருண்டைக் கட்டை அது. “வண்டிக்கு உசுரே கொடத்துலதான் கீது. தொறப்பணம் ஒரு நூல் சாஞ்சா சக்கரம் ஊரெல்லாம் ஆட்டம் போட்டுக்கினு போவும்.”

அவர் மார்பைக் கொடுத்துத் திருகினார். வேலமரத்தூள் சுருள் சுருளாக வெளியே வந்தது. இவர் குனிந்து அந்தச் சுருளைக் கையில் எடுத்துப் பார்த்தார். “மாமா, இது துளைக்குதா, தேய்க்குதா?”

நைனா யோசித்தார். “ரெண்டும்தான். தேச்சி தேச்சித்தான் தொளைக்கிது.”

“தெர் அப்படின்னா அதே ரெண்டு அர்த்தம்தான்!” என்று இவர் துள்ளினார். நைனா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். சாப்பாடு முடியும்வரை மாப்பிள்ளை கருவிகளின் பெயர்களைக் கேட்பதும் மாமனார் சொல்வதுமாகவே போயிற்று. எழுதிக்கொள்வது என் வேலை.

மூன்று மணி வாக்கில் எளாவூர் ஸ்டேஷனுக்கு வந்து பாசஞ்சருக்குக் காத்திருந்தோம். நல்ல வெயில். பிளாட்பாரத்துப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, நான் எழுதிய பட்டியலை இவர் வாங்கிப் பார்த்தார்.

“மாமா ‘தொறப்பணம்’னு சொன்னாரு. நீ ‘துறப்பணம்’னு எழுதியிருக்க.”

“எழுதறப்போ அப்படித்தானே எழுதணும்?”

“அவரு ‘கொடம்’னாரு. நீ ‘குடம்’.”

“அதுவும் அப்படித்தான். வாயில கொடம், பேனாவுல குடம். கெணறுன்னு சொல்றோம், கிணறுன்னு எழுதறோம். எடம், இடம். நெலம், நிலம். ஸ்கூல்ல இதுக்காகவே எத்தனை அடி வாங்கியிருக்கேன் தெரியுமா?”

“அப்ப முதல் எழுத்துல இ வந்தா எ ஆயிடுது, உ வந்தா ஒ ஆயிடுது. எல்லாச் சொல்லுலயுமா?”

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. “இல்லயே. குடம் கொடம் ஆவும். ஆனா குடி, குடிதான். யாரும் கொடின்னு சொல்ல மாட்டாங்க. குளம் கொளம். குளி, குளிதான்.”

“ஏன்?”

அந்த ‘ஏன்’ எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அதைக் கேட்டபோது அவர் என்னை ஒரு டைப்பிஸ்டைப் போலவோ மனைவியைப் போலவோ பார்க்கவில்லை. விடை தெரிந்த ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தார். நான் பட்டியலையே வெறித்தேன். குடம், குளம், இடம், நிலம் ஒரு பக்கம். குடி, குளி, இடி, கிளி மறுபக்கம். முதல் எழுத்தில் வித்தியாசமே இல்லை. அடுத்த எழுத்தில்தான் இருந்தது.

“பின்னாடி வர்ற எழுத்துங்க,” என்றேன். “பின்னாடி ‘அ’ இருந்தா முன்னாடி எழுத்தைத் தன் பக்கம் இழுக்குது. குடத்துல ட இருக்கு, அதுக்குள்ள அ இருக்கு, அதான் இழுக்குது. குடியில அ இல்ல. இழுக்க ஆளில்ல.”

அவர் அதைப் பட்டியலின் ஓரத்தில் எழுதிக்கொண்டார். பிறகு இரண்டு பேரும் சொற்களை வீச ஆரம்பித்தோம். உடம்பு, ஒடம்பு. உலகம், ஒலகம். விறகு, வெறகு. புலி, புலிதான். சிரி, சிரிதான். பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கருவாட்டுக்காரம்மா, “இன்னாமே வெளாட்டு இது?” என்று கேட்டு, புரிந்துகொண்டு, “மொகம்!” என்று ஒரு சொல்லைத் தானும் போட்டார். முகம், மொகம். பொருந்தியது. போர்ட்டர் “துணி” என்றார். அதில் அ இல்லை, மாறவில்லை. அதுவும் பொருந்தியது. எல்லோரும் கைதட்டினோம்.

இவர் எழுந்து நின்றுவிட்டார். “தெரத்ரொம்,” என்றார். “முதல்ல அப்படி இருந்திருக்கும். தெ, அதுக்குப் பின்னாடி ர. அந்த ரவுல அ. அதே மாதிரி அது முன்னாடி எழுத்தை இழுத்திருந்தா? தெரத்ரொம், தரத்ரொம்! வாங்கின இடத்துல செதஞ்சது இல்ல. சொந்த ஊட்லயே மாறினது!”

“ஒண்ணே ஒண்ணு மாறினா யாரு நம்புவாங்க?” என்றேன். “நம்ம ஊர்ல குடம், குளம், இடம்னு எத்தனை இருக்கு. உங்களுக்கும் அந்த மாதிரி நாலு வோணாமா?”

“வேணும். சீட்டுல இருக்கும்.”

“சீட்டையெல்லாம் முதல் எழுத்துப்படிதானே அடுக்கி வெச்சிருக்கீங்க. ரெண்டாவது எழுத்துப்படி மாத்தி அடுக்குவோம்.”

வீட்டுக்கு வந்ததும் நான்கு பெட்டியையும் கூடத்தில் கொட்டினோம். அத்தை (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) கோழி உள்ளே வராமல் வாசலில் காவல் இருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து விளக்கேற்றும் வரை தினமும் அதே வேலை. நான் உரக்கப் படிப்பேன், அவர் வாங்கி வைப்பார். நான்காம் நாள் ஒரு சீட்டு கிடைத்தது. வேல்ஸில் நாரைக்கு ‘கரன்’ என்று பெயர். கிரேக்கத்தில் அதே நாரைக்கு ‘கெரனொஸ்’. அங்கே கெ, இங்கே க. நடுவில் ர, அதற்குள் அ. துறப்பணத்துக்கு என்ன நடந்ததோ அதேதான் நாரைக்கும் நடந்திருந்தது.

நான் சொன்னதைக் கேட்டு அத்தை வாசலிலிருந்தே கேட்டார். “அந்த ஊர்ல நாரை கீதா?”

“சதுப்பு நிலமெல்லாம் நாரைதான் அத்தை, ஒரு காலத்துல.”

“அப்புறம் இன்னா? தொறப்பணத்த ஒருத்தன் கப்பல்ல கொண்டாந்து வித்தான்னு சொல்லு, சரி. பழவேற்காட்டு ஏரியில நிக்கிற நாரைக்கு வெளியூரு யாவாரியா வந்து பேரு வெப்பான்?”

இவர் கையிலிருந்த சீட்டுகளைக் கீழே வைத்தார். “அம்மா, அதை அப்படியே எழுதப் போறேன்.”

‘நிலம்’ என்ற பொருளில் ஐரிஷில் ‘தலம்’ என்று ஒரு சொல் உண்டு. அதுவும் ‘தெலம்’ என்பது போல ஒன்றிலிருந்து வந்திருக்கலாம். அதில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. சந்தேகம் என்றே எழுதிக்கொண்டார். நம் குடிக்குச் சமமாக, மாறாத சொல்லும் கிடைத்தது. பழையது, முதியது என்பதற்கு ‘செனொஸ்’. பின்னால் அ இல்லை, ஒ இருக்கிறது. அதனால் செ அப்படியே நின்றது. நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். பாயசம் கூட வைத்தேன்.

பாயசம் ஆறுவதற்குள் ‘பத்து’ வந்து எங்களைக் கவிழ்த்தது. எண்ணிக்கையில் வரும் பத்துதான். கெல்ட் மொழியில் அது ‘தெகம்’. பின்னால் அ இருக்கிறது. எங்கள் விதிப்படி அது ‘தகம்’ ஆகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஐரிஷிலும் வேல்ஸிலும் இன்றுவரை எகரத்தோடுதான் பத்து எண்ணுகிறார்கள். குழந்தை கூட அறிந்த சொல்லை மறைத்துவைக்க முடியுமா? கிடைத்த மூன்றும் தற்செயல்தான் போலிருக்கிறது என்று இவர் சீட்டுகளைப் பெட்டியில் அள்ளிப் போட்டார். மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கெடு வைத்த வருஷத்தில் பாதி போய்விட்டிருந்தது.

நான்காம் நாள் நானே கும்மிடிப்பூண்டிக்குப் போய்ப் பள்ளி விடும் நேரத்தில் தமிழய்யாவைப் பார்த்தேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், சரியான காரணம் இல்லை. எங்களுக்குத் தெரிந்து எழுத்தைப் பற்றிப் பேசக்கூடிய இன்னொரு ஆள் அவர்தான். நான்கு சொற்களையும் தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டினேன். தெரத்ரொம், கெரனொஸ், தெலம் மூன்றும் மாறுகின்றன ஐயா, தெகம் மட்டும் மாறவில்லை என்றேன்.

கோபத்தை அவர் மறந்திருந்தார். அல்லது எழுத்தைப் பார்த்ததும் மறந்துவிட்டார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு முறைதான் பார்த்தார்.

“ஏம்மா, ர என்ன இனம்?”

“இடையினம்.”

“ல?”

“இடையினம்.”

“க?”

“வல்லினம்,” என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

“அவ்வளவுதான். ரகர லகரம் மெதுவானவை, பின்னால் இருக்கும் அகரம் அவற்றைத் தாண்டி முன்னால் கை நீட்டுகிறது. ககரம் வல்லெழுத்து, கதவைச் சாத்திவிட்டது. மெல்லினத்தையும் பார்க்கச் சொல். நகர மகரமும் வழிவிடும் என்றே நினைக்கிறேன்.” பிறகு குரலைத் தாழ்த்தி, “சொல் நம்முடையதில்லை என்று அவன் சொன்னது சரியாகவே இருக்கட்டும். இனம் பிரித்தது நாமென்று எழுதச் சொல்” என்றார்.

அன்று ஆரம்பாக்கம் வண்டியில் நானும் இவரும் சேர்ந்துதான் வந்தோம். நான் சொல்லி முடிப்பதற்குள் இவர் வண்டி ஜன்னலில் முழங்கையை இடித்துக்கொண்டார். தமிழில் வல்லினம் இருந்தாலும் குடம் கொடமாகிறது. அங்கே அப்படி இல்லை, அங்கே வல்லினம் தடுக்கிறது. அந்த வித்தியாசத்தையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று வண்டியிலேயே முடிவு செய்தார். பெட்டிகள் மறுபடி கூடத்தில் கொட்டப்பட்டன. இந்தத் தடவை இனம் பார்த்து அடுக்கினோம். வல்லினம் நடுவில் நின்ற இடத்தில் எல்லாம் எகரம் அசையாமல் இருந்தது. எதிராக ஒரு சீட்டு வருமோ என்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கடைசிச் சீட்டு வரை வரவில்லை.

அந்த அத்தியாயத்தை நான் பதினோரு நாளில் அடித்தேன். கிரேக்க எழுத்துகளை அவர் பேனாவால் எழுதினார். நட்சத்திரக் குறியின் விசை தேய்ந்து போயிருந்ததால் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை அழுத்த வேண்டியிருந்தது. சாமான் கட்டும் பிளாஸ்டிக் எல்லாம் அப்போது ஏது? மெழுகுத் துணியில் சுற்றித் தைத்து, மதராஸ் பெரிய தபாலாபீஸுக்கு நாங்களே எடுத்துப் போய்ச் சேர்த்தோம். அன்றைக்கு ஜெயமா தோல்வியா என்று தெரியாமலே இருவரும் ஒரு காபி கிளப்பில் நாஷ்டா சாப்பிட்டோம். எழுதியது உண்மை என்ற நிம்மதியே பெரிய பசியைக் கொடுத்திருந்தது.

பதில் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்கு. தபால்காரர் உறையை நீட்டினார். அத்தை என்னை முந்திக்கொண்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

“பிரிச்சிப் பாக்கலாமா அத்தை?” என்றேன்.

“அவன் பேருக்கு வந்தத அவன்தான் பிரிக்கணும். பொறப்படு.”

அத்தை அதுவரை மகன் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. அதன் சுற்றுச்சுவர் கட்டியபோது கல் சுமந்திருக்கிறார். சுவருக்கு வெளியே நின்று கூலி வாங்கியிருக்கிறார். அன்று ரயிலை விட்டு இறங்கியதும் எனக்கு முன்னால் நடந்தார். கேட்டைத் தாண்டி, கொடிக்கம்பத்தைத் தாண்டி, பாடம் நடந்துகொண்டிருந்த வகுப்புக்குள் நேராக நுழைந்தார். பையன்கள் எழுந்து நின்றார்கள். இவர் கையில் சாக்பீஸோடு திகைத்துப் போனார்.

“உட்காருங்கடா நைனா,” என்று பையன்களிடம் சொல்லிவிட்டு, அத்தை உறையை எடுத்து மகனிடம் கொடுத்தார். “படி.”

அவர் மனசுக்குள் படித்தார்.

“ஒரக்கப் படி. எனக்கும் கேக்கணும், இவளுக்கும் கேக்கணும்.”

அவர் இங்கிலீஷில் படித்தார். பிறகு தமிழில் சொன்னார். சொல் இரவல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். நாரையின் வாதம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. பத்து என்ற சொல்லை மறைக்காமல் எடுத்துக்கொண்டு காரணம் காட்டியது ஆய்வின் மிகச் சிறந்த பகுதி. இந்த மாற்றத்தை அங்கங்கே சிலர் ஊகித்திருக்கிறார்கள். தடுப்பது எது, விடுவது எது என்று இப்படிச் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. நேரில் வரத் தேவையில்லை. பட்டம் வழங்கப்படுகிறது.

பையன்கள் மேஜையைத் தட்டிய தட்டலில் பக்கத்து வகுப்பிலிருந்து தமிழய்யா ஓடி வந்தார். வந்தவர் கடிதத்தை வாங்கிப் பார்த்து, அத்தனை பெரிய சரீரத்தோடு இவரைத் தூக்கியே விட்டார். தலைமையாசிரியர் என்ன கலவரம் என்று வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலி ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அத்தைக்குப் போட்டு, “உட்காருங்கம்மா” என்றார். அத்தை உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வகுப்பு முழுவதையும் ஒரு முறை நிதானமாகப் பார்த்தார். சோடா வந்தது. குடித்து முடித்துவிட்டு, “இன்னொரு வாட்டி படி,” என்றார்.

நூலகத்தில் வைக்கத் திருத்திய பிரதி ஒன்று கேட்டிருந்தார்கள். கடிதத்தின் அடியில் பேராசிரியர் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தார்: சீட்டுகளை இரண்டாம் எழுத்துப்படி அடுக்கும் யோசனை எப்படி வந்தது? இவர் உள்ளதை எழுதி அனுப்பினார். பிரதியின் முன்பக்கத்தில் வரும் நன்றிப் பத்தியை அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். எளாவூரில் சக்கரம் செய்பவருக்கு, ஆரம்பாக்கத்தில் நாற்று நட்டவருக்கு, தமிழாசிரியருக்கு என்று வந்து, “இரண்டாம் எழுத்தைப் பார்க்கச் சொன்ன என் மனைவிக்கு” என்றார்.

நான் கையை எடுத்துவிட்டேன். “என்னைப் பத்தி நானே அடிக்கிறதா?”

“வேற யாரு அடிப்பாங்க? எனக்கு டைப் தெரியாதே.”

அடித்தேன். அந்த ஒரு வரியில் இரண்டு பிழை வந்தது. தாளை உருவிப் போட்டுவிட்டு, புதுத் தாள் சொருகி, முழுப் பக்கத்தையும் முதலிலிருந்து நிதானமாக அடித்தேன்.